சீக்கு இலை சேகரிக்கப் போகிறவருக்கு: குமரி மாவட்டத்தில் நோய்ப் பூஞ்சைகளைப் பட்டியலிடும் வழி

முதுகலை ப்ராஜெக்டுக்கு "குமரி மாவட்டத்தின் காட்டுச் செடிகளிலும் பயிர்களிலும் நோய் உண்டாக்கும் பூஞ்சை இனங்கள்" என்று தலைப்பு எடுத்தபோது நாலு மாசத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினாலு மாசம் ஆனது. அதில் பாதிக்குமேல் பூஞ்சையோடு போன காலம் இல்லை. காயாத நாளிதழோடும், திரும்பி வந்த விண்ணப்பத்தோடும், பெயர் தெரியாத செடிகளோடும் போன காலம். உங்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நோய்க்கு என்ன மருந்து அடிப்பது என்று தேடி வந்தவர்கள் திருப்பதிசாரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள். எந்தச் செடியில் எந்தப் பூஞ்சை இருக்கிறது என்று ஆதாரத்தோடு பதிவு செய்ய விரும்புகிறவருக்கு மட்டும்தான் இது பயன்படும்.

1. எல்லையைச் சின்னதாகப் போடுங்கள்

"மாவட்டம் முழுக்க" என்று தலைப்பில் போட்டால் கேட்க நன்றாக இருக்கும், கால் வலிக்கும். முதல் மூன்று மாசம் உங்கள் வீட்டு விளையோடும் (தோட்டம்) பக்கத்து ஏலாவோடும் (வயல்வெளி) நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டுக்குப் போனால்தான் பூஞ்சை கிடைக்கும் என்பது என்னுடைய முதல் மூடநம்பிக்கை. கடைசியில் எண்ணிப் பார்த்தால், என் பட்டியலில் பாதிக்கு மேல் குலசேகரத்தைச் சுற்றி வேலி ஓரத்திலும் வாய்க்கால் வரப்பிலும் எடுத்தவை.

குமரியில் ஒரு வசதி உண்டு. ஆரல்வாய்மொழி பக்கம் காற்றும் வறட்சியும். அங்கிருந்து பஸ் ஏறிக் குலசேகரம் வந்தால் ரப்பர் நிழலும் ஈரமும். ஒரே செடியை இரண்டு இடத்திலும் பாருங்கள். ஈரப் பக்கத்தில் கறுப்புப் படை பிடித்த செடி வறண்ட பக்கத்தில் சுத்தமாக நிற்பதைக் காணலாம். ஒரு வறண்ட இடம், ஒரு ஈர இடம், ஒரு நெல் ஏலா, ஒரு ரப்பர் தோட்டம் என நாலு இடம் போதும். மாசத்துக்கு ஒருமுறை அதே நாலு இடத்துக்குப் போங்கள். இருபது இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட இதில் அதிகம் கிடைக்கும்.

2. காலண்டரை முதலில் பாருங்கள்

நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் ஒரே பூஞ்சையைக் கொண்டுவருவதில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃபைட்டோஃப்தோராவின் காலம். ரப்பரில் மழைக்கால இலை உதிர்வு, நல்லமிளகில் கொடி அடி அழுகி ஒரேயடியாக வாடுவது, தென்னையில் குருத்தழுகல் எல்லாம் அதன் வேலை. ஒரு விஷயம் மறக்காதீர்கள்: ஃபைட்டோஃப்தோராவும், கீரையில் வெள்ளைத் துரு உண்டாக்கும் அல்புகோ வகையறாவும், அடிச்சாம்பல் நோய்க் கிருமிகளும் இன்றைய வகைப்பாட்டில் உண்மையான பூஞ்சைகள் இல்லை; ஊமைசீட் என்ற வேறு கூட்டம். பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் தனித் தலைப்பில் வையுங்கள். வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

நவம்பர் முதல் ஜனவரி வரை துருக்களின் (இலையில் துருப்போலப் பொடி உண்டாக்கும் பூஞ்சைகளின்) காலம். தேக்கிலையின் அடியில் மஞ்சள் ஆரஞ்சுப் பொடி, ஈழத்தலரி (ப்ளுமேரியா) இலையின் அடியில் அதேபோல் பொடி, அருகம்புல்லில் பழுப்புக் கோடுகள். தேக்கு இலை உதிர்த்துவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் பொங்கல் கழியட்டும் என்று விட்டு ஒரு வருஷத்தை இழந்தேன்.

ரப்பர் இலை உதிர்த்துத் தளிர் விடும் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை சாம்பல் நோய். காலைப் பனியும் பகல் வெயிலும் அதற்குப் பிடித்த கூட்டு. மாம்பூவிலும் அப்போதே பாருங்கள். நெல்லில் குலைநோயை இரண்டாம் போகமான கும்பப்பூவில், இரவு குளிரும் நாட்களில் தேடுங்கள்; இலையுறை கருகல் இரண்டு போகத்திலும் கிடைக்கும். வாழை இலைப்புள்ளி மழை முடியும் காலத்தில் எந்த விளையிலும் நிற்கும்.

ஏப்ரல், மே? மைக்ராஸ்கோப் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. அனுமதி: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

தனியார் நிலத்தில் உரிமையாளரின் வாய்ச் சம்மதம் போதும். ஆனால் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள். நோய்ப் புள்ளியோடு நிற்கும் வாழையைப் படம் எடுத்தால் வேளாண் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து நிவாரணக் கணக்கு கேட்பார்கள். புத்தேரியில் ஒரு பாட்டா என் கையில் இருந்த கவரைப் பார்த்துவிட்டு, "சீக்கு வந்த இலையயா கேக்குத? நல்ல இலையே நெறைய கெடக்குல்லா மக்ளே" என்று தன் செங்கதலியிலிருந்து முழு இலை ஒன்றை அறுத்துத் தந்தார். அதில்தான் மதியம் சாப்பிட்டேன்.

ரப்பர்: கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு பக்கம் நீங்கள் பார்க்கும் பெரிய தோட்டங்கள் பல அரசு ரப்பர் கழகத்துடையவை. அவை ஊர் விளை இல்லை; கடிதம் கொடுத்து அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும். ஆளில்லாத பகுதி என்று நினைத்து உள்ளே போனால் யானைப் பிரச்சினையும் உண்டு.

காடு: மாவட்டத்தின் காப்புக்காட்டில் பெரும்பகுதி, சுமார் 402 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். "ரெண்டு இலைதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆராய்ச்சிக்காகச் சரணாலயத்தில் நுழையவும் அங்கிருந்து எதையும் எடுத்து வரவும் முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. விண்ணப்பத்தை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகம் வழியாக அனுப்புங்கள்.

என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, தப்பு என்னுடையதுதான். "மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்த வனச்சரகம் என்று இல்லை. பூதப்பாண்டியா, அழகியபாண்டிபுரமா, வேளிமலையா, குலசேகரமா, களியலா என்று குறிக்காவிட்டால் யார் உங்களோடு ஆள் அனுப்புவது? இரண்டாம் தடவை கொடுத்தபின் ஐந்து மாதம் கழித்து அனுமதி கையில் வந்தது. அதனால் தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பியுங்கள். மழையை நம்பிய வேலைக்கு ஐந்து மாதம் என்பது ஒரு முழுப் பருவம்.

விண்ணப்பத்தோடு நான் வைத்தவை:

- கல்லூரித் துறைத்தலைவரின் கடிதம், நெறியாளரின் கடிதம், இரண்டும் லெட்டர்பேடில், முத்திரையோடு
- இரண்டு பக்கத் திட்டச் சுருக்கம். "ஒரு செடிக்கு அதிகபட்சம் பத்து இலை, ஒரு பூங்கொத்து, வேர் எடுப்பதில்லை" என்று அளவைச் சொல்லிவிடுங்கள். நான் அப்படி எழுதியபின் கேள்வி குறைந்தது
- சரகவாரியாக இடங்கள், வரைபடத்தில் குறித்தது
- மாதங்கள், உள்ளே வரும் ஆட்களின் பெயர், ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை நகல்
- முடிவறிக்கையின் பிரதியை வனத்துறைக்குத் தருவதாக உறுதிமொழி

அனுமதி வந்தபிறகும் ரேஞ்சரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கூட வரும் வாட்சரை வேலையாளாகப் பார்க்காதீர்கள். பேச்சிப்பாறைக்கு மேலே எங்களோடு வந்த காணிப் பழங்குடி அண்ணன் மட்டும் இல்லையென்றால் என் பட்டியலில் உள்ள கொடிகளில் பலவற்றுக்கு ஊர்ப்பெயரே இருந்திருக்காது. அவர் சொன்ன பெயரை லேபிளில் எழுதினேன். மருத்துவப் பயன்களைப் பற்றிக் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அது வேறு அனுமதியும் வேறு மரியாதையும் வேண்டிய விஷயம்.

இன்னொன்று: வெளிநாட்டில் இருக்கும் நிபுணருக்கு ஒரு காய்ந்த இலைகூட நீங்களாகத் தபாலில் போடக் கூடாது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். படம் அனுப்பிக் கேட்பது எளிது.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு லென்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட. என்னுடையது 350 ரூபாய். சின்னக் கத்திரி, பிளேடு, பென்சில், நோட்டு, பழைய நாளிதழில் மடித்த கவர்கள் ஐம்பது. போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, தனிக் கருவி வேண்டாம். காலில் ஏறும் அட்டைக்கு உப்புப் பொட்டலம். ஸ்பிரிட்டும் பஞ்சும், கத்திரியை இடைக்கிடை துடைக்க.

பேனா வேண்டாம். ஜெல் பேனாவில் எழுதிய என் முதல் பதினெட்டு லேபிளும் காளிகேசம் மழையில் நீல மேகமாகப் போயின.

பாலித்தீன் கவரும் வேண்டாம். பேச்சிப்பாறையிலிருந்து பாலித்தீனில் அடைத்துக்கொண்டு வந்த இலைகளை அலுப்பில் அப்படியே வைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் திறந்தால் எல்லா இலையிலும் வெள்ளைப் பஞ்சு. அரை மணி நேரம் மகிழ்ச்சியில் குதித்தேன். அது நோய்ப் பூஞ்சை இல்லை; ராத்திரி புழுங்கலில் வளர்ந்த சாதாரணப் பூசணம். சோற்றில் வருமே, அதன் உறவு.

வாடல் நோய் வந்த வாழை விளையில் இறங்கியிருந்தால் செருப்பு மண்ணை அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள். பனாமா வாடலின் ஃபுசேரியம் மண்ணில் வருஷக்கணக்காக உயிரோடு இருக்கும். அடுத்த விளைக்காரருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆராய்ச்சியாளர் என்ற பெயர் வேண்டாம்.

5. பறிக்குமுன்: இது பூஞ்சைதானா?

இந்தப் படியில்தான் எல்லாரும் விழுகிறார்கள், நானும் விழுந்தேன்.

என் நோட்டில் முதல் எண் போட்டது கொய்யா இலையில் செங்கல் நிறத்தில் வெல்வெட் போல நின்ற வட்டப் புள்ளி. "துரு" என்று எழுதினேன். மாவிலும் கிடைத்தது, கிராம்பிலும் கிடைத்தது, நல்லமிளகிலும் கிடைத்தது. ஒரே துரு இத்தனை குடும்பத்தில் வருமா என்ற சந்தேகம்கூட எழவில்லை. எழுந்திருக்க வேண்டும், துருக்கள் பெரும்பாலும் தங்கள் செடியை விட்டு நகராத பிடிவாதக்காரர்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஆரஞ்சு நிறக் கண்ணிகளாக இழைகள், நுனியில் குடம் குடமாகச் சிதல்பைகள். செஃபலியூரோஸ் என்ற பாசி. ஊரில் செந்துரு என்றும் சொல்வார்கள், பெயரே ஏமாற்றும். சோதனை எளிது: துருவைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும், பாசிப் புள்ளியைத் தொட்டால் ஒட்டாது, மயிர் மயிராக நிற்கும்.

அடுத்தது கறுப்பு. இலையில் கறுப்பு என்றால் இரண்டு வகை. எச்சில் தொட்ட பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். அப்பளம்போல உரிந்து வந்தால் கரும்பூசணம். மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ சொட்டிய தேன்கழிவில் வாழ்வது, இலையைத் தின்பதில்லை. சுருள் வெள்ளை ஈ வந்த தென்னையின் கீழ் நிற்கும் எல்லாச் செடியும் அப்படித்தான் கறுத்திருக்கும். நோய்ப் பட்டியலில் அது வராது. தேய்த்தும் போகாமல் தனித்தனி வட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றால் கரும்படை நோய்: மெலியோலா, ஆஸ்டெரினா போன்றவை. மேற்கு மலையடிவாரத்தின் ஈர நிழலில் இவைதான் அள்ளக் குறையாத செல்வம். ஒவ்வொன்றும் தன் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், வேறு குடும்பத்துச் செடி என்றாலே வேறு இனமாக இருக்கலாம் என்று வைத்துத் தனி எண் போடுங்கள்.

மரச்சீனி (மரவள்ளி) இலையில் மஞ்சளும் பச்சையுமாகச் சுருண்டது தேமல், வைரஸ். அதே இலையில் பழுப்பு வட்டம் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். இரண்டும் ஒரே இலையில் நிற்பது சாதாரணம். தென்னை வேர்வாடலும் பூஞ்சை இல்லை, பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகைக் கிருமி. இலையடியில் கம்பளிபோல வெள்ளையாகவோ துருநிறமாகவோ திட்டு நின்றால் லென்ஸில் பாருங்கள். சிலந்திப்பேன் தூண்டிய மயிராக இருக்கும்.

சந்தேகம் இல்லாமல் தொடங்க ஒன்று சொல்கிறேன். சித்திரை கழியுமுன் சக்கை (பலா) மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பிஞ்சுகளைப் பாருங்கள். முதலில் வெள்ளை நூல், பிறகு குண்டூசித்தலை போலக் கறுப்புப் புள்ளிகள் அடர்ந்து பிஞ்சே சாம்பல் போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும். ரைசோபஸ் அழுகல். லென்ஸ் இல்லாமலே தெரியும், பிள்ளைகளுக்குக் காட்டவும் நல்லது.

6. பறிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில்

ஒரு எண் என்றால் மூன்று பொருள்: நோய் இலைகள் பத்து, இளம் புள்ளியும் முதிர்ந்த புள்ளியும் கலந்து, அதே செடியின் பூவோ காயோ உள்ள கிளை ஒன்று, படம் மூன்று (செடி முழுக்க, இலை மேல்பக்கம், இலை அடிப்பக்கம்). பூ இல்லையென்றால் செடியில் துணி கட்டிவிட்டு, பூக்கும்போது மறுபடி போங்கள். இதைச் சோம்பல் பட்டு விட்டுவிட்டு, பெயர் தெரியாத செடிகளில் இருபத்துமூன்று எண்ணை நான் இறுதியில் தூக்கிப்போட்டேன்.

லேபிளில் எண், நாள், இடம், தாலுகா, ஜி.பி.எஸ்., உயரம், செடியின் ஊர்ப்பெயர், பறித்தவர் பெயர் இருக்கட்டும். இவற்றை எல்லாரும் எழுதுவார்கள். எழுத மறப்பது நிறம். பச்சையாக இருக்கும்போது "தங்க ஆரஞ்சு" என்று இருந்த பொடி காய்ந்தபின் வெளுத்துப்போகும்; சாம்பல் நோயின் வெள்ளை அழுக்காகும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைக்காதீர்கள்.

7. உலர்த்துவது

நமது மழையில் இது பெரிய வேலை. இரண்டு பிளைவுட் பலகை, இரண்டு பெல்ட், நாளிதழ். வழவழப்பான விளம்பரத் தாள் ஈரம் உறிஞ்சாது. முதல் இரண்டு நாள் காலை மாலை தாள் மாற்றுங்கள், பிறகு தினம் ஒருமுறை. ஐப்பசியில் தாளே ஈரமாக இருக்கும். அடுப்பு மேலே பரணில் தாளைக் காயவைத்து மாற்றுவாள் எங்கள் ஆச்சி. பெட்டிக்குள் பல்பு எரியவிட்டும் காயவைக்கலாம். சூடு 45 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். வாழை, சேம்பு போன்றவற்றை உள்ளங்கை அளவு வெட்டித் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் நடுநரம்பு அழுகி எல்லாவற்றையும் கெடுக்கும்.

காய்ந்தபின் கவரில் போட்டு, பாலித்தீனில் இறுக்கி (இங்கேதான் பாலித்தீன் உதவும்), மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம். புத்தகப்பூச்சி முட்டைகள் சாகும். வீட்டு ஃப்ரிட்ஜில் மீனுக்கு மேல் வைப்பதற்குள் அம்மாவின் அனுமதி வாங்குவது வனத்துறை அனுமதியைவிடக் கடினம்.

8. செடியின் பெயர் தெரியாமல் பூஞ்சையின் பெயர் தெரியாது

நோய்ப் பூஞ்சை வேலையின் உயிர் இதுதான். துருவோ, மெலியோலாவோ, இலைப்புள்ளி உண்டாக்கும் செர்கோஸ்போரா வகையறாவோ, தேடலைத் தொடங்குவது செடியின் பேரினத்திலிருந்து (ஜீனஸ்). செடி தப்பானால் எல்லாம் தப்பு. "ஏதோ ஒரு காட்டுக்கொடி" என்று எழுதிய எண்ணை இன்றே தூக்கிப்போடலாம்.

கல்லூரியின் ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளின் சேமிப்பகம்) ஒப்பிடுங்கள். முடியாததைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. துறைத்தலைவர் கடிதத்தோடு, முன்கூட்டி நாள் கேட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு தாள்களாகச் சேர்த்து ஒரே தடவை போங்கள். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயிலில் போய் அடுத்த ராத்திரி திரும்பினேன். லாட்ஜ் செலவு மிச்சம்.

9. மைக்ராஸ்கோப்

400 மடங்கு போதும், சில பூஞ்சை வித்துகளுக்கு (ஸ்போர்) மட்டும் எண்ணெய் லென்ஸ். கல்லூரியில் இருந்தால் வாங்காதீர்கள். ஆனால் கண்லென்ஸ் அளவுகோலை மேடை அளவுகோலோடு நீங்களே ஒப்பிட்டுக் கணக்கெடுங்கள். ஏற்கெனவே யாரோ எழுதி ஒட்டிவைத்த எண்ணை நம்பி நாற்பது வித்துகளை அளந்து, பிறகு லென்ஸ் மாற்றியிருந்தது தெரிந்து அத்தனையும் திரும்ப அளந்தேன். ஒரு மாதிரிக்கு முப்பது வித்தாவது அளக்க வேண்டும்.

சாம்பல் நோய்க்கும் துருவுக்கும் ஒட்டுநாடாவே போதும்: ஒட்டி, எடுத்து, ஸ்லைடில் லாக்டோஃபீனால் காட்டன் புளூ ஒரு சொட்டு. ஃபீனால் தோலைப் பொசுக்கும், கையுறை போடுங்கள். புள்ளிகளுக்குள் புதைந்த பூஞ்சையின் வித்துக்காய்களுக்குக் குறுக்குவெட்டு. இலைத்துண்டை கேரட் துண்டின் பிளவில் செருகிப் பிளேடால் சீவுங்கள். நூறு சீவினால் நாலு தேறும்.

கரும்படைக்கு ஒரு அழகான வழி இருக்கிறது. நிறமில்லா நெயில்பாலிஷைக் கறுப்பு வட்டத்தின்மேல் மெல்லப் பூசி, காய்ந்ததும் ஊசியால் ஓரத்தைத் தூக்கினால் பூஞ்சை முழுதும் அந்தப் படலத்தோடு உரிந்து வரும், பாம்புச் சட்டை மாதிரி. அதை ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். பழுப்பு இழை கிளை பிரிந்து ஓட, அதன் இருபக்கமும் தலைவைத்த சின்னக் காம்புகள், நடுவில் உருண்டைக் காய், சுற்றிலும் நேராக நிமிர்ந்த கறுப்பு முட்கள், உருண்டைக்குள்ளிருந்து பிதுங்கிய வித்துகளில் நாலு குறுக்குச் சுவர். முட்கள் இருந்தால் மெலியோலா. முதல்முறை அது தெளிவாகத் தெரிந்த சாயங்காலம் லேப் பூட்டுகிறவர் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார்.

துருவில் ஒரு பொறி. இந்த ஈரச் சமவெளியில் பெரும்பாலும் கோடைவித்துகள் மட்டும்தான் கிடைக்கும்; பேரினத்தை உறுதி செய்யத் தேவையான டீலியோவித்துகள் (துருவின் கடைசிக் கட்ட வித்துகள்) கிடைப்பதில்லை. அருகம்புல் நல்ல ஆசிரியர்: பழைய, காய்ந்த இலையில் கறுத்த கோடுகளைச் சுரண்டினால் புக்சினியாவின் இரண்டறை வித்து கிடைக்கும், நடுவில் கயிறு கட்டிய சுரைக்குடுக்கை மாதிரி. அதே புல்லின் பூங்கொத்து கரிப்பொடியாக இருந்தால் அது வேறு ஆள், கரிப்பூட்டை. தனி எண்.

வித்தே இல்லாத புள்ளியைப் பீட்ரி தட்டில் ஈர வடிதாளில் ஒரு நாள், இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாள் வருவதெல்லாம் பெரும்பாலும் விருந்தாளி.

10. வளர்ப்பதும் டி.என்.ஏ.வும்: எல்லாவற்றுக்கும் வேண்டாம்

துரு, சாம்பல் நோய், மெலியோலா ஆகியவை உயிருள்ள செடியில் மட்டும் வளர்பவை. அவற்றை உருளைக்கிழங்கு அகாரில் வளர்க்க முயன்று நான் வீணாக்கிய தட்டுகளின் விலையில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கியிருக்கலாம். கொலட்டோட்ரைக்கம், ஃபுசேரியம், கோரினெஸ்போரா போன்றவை வளரும். புள்ளியின் நடுவை எடுக்காமல் நோயும் பச்சையும் சேரும் விளிம்பை வெட்டி, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், சுத்த நீரில் மூன்று தடவை, பிறகு அகாரில். நடுப்பகுதியில் செத்த இலையைத் தின்னும் பிணந்தின்னிப் பூஞ்சைகள்தான் முதலில் எழும்.

ஐ.டி.எஸ். பகுதிதான் பூஞ்சைகளுக்கான பொதுவான டி.என்.ஏ. அடையாளம். தனியார் லேபில் எனக்கு ஒரு மாதிரிக்கு 900 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி., கூரியர் தனி. மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. ஐந்து மாதிரி அனுப்பினேன், இரண்டு கலப்படம் என்று திரும்பின. கொலட்டோட்ரைக்கத்திலும் ஃபுசேரியத்திலும் ஐ.டி.எஸ். மட்டும் வைத்து இனப்பெயர் சொல்ல முடியாது. கூடுதல் மரபணுக்கள் வேண்டும், செலவு இரண்டு மூன்று மடங்கு. காசு இல்லையென்றால் "கொலட்டோட்ரைக்கம் இனம்" என்று நிறுத்துவதே நேர்மை. நூறு சதவீதப் பொருத்தம் வந்தாலும் குதிக்காதீர்கள். பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைக்கு ஏற்றியவர் தப்பான பெயர் வைத்திருக்கலாம்.

11. பெயர் எழுதுவது

அமெரிக்க வேளாண்துறையின் பூஞ்சைத் தரவுத்தளத்தில் செடியின் பேரினத்தை இட்டால், உலகில் அதில் பதிவான பூஞ்சைகள் வரும், இலவசம். அது சந்தேகப் பட்டியல், தீர்ப்பு இல்லை. அங்கே இருக்கிற பெயரில் ஒன்றை உங்கள் மாதிரிக்குச் சட்டையாக மாட்டாதீர்கள். அளவும் வடிவமும் ஒத்துவர வேண்டும்.

பிறகு பூஞ்சைப் பெயர்த் தளங்களான இண்டெக்ஸ் ஃபங்கோரம் அல்லது மைக்கோபாங்கில் அந்தப் பெயர் இன்று நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். ரப்பர் சாம்பல் நோயைப் பழைய பாடங்களில் ஓய்டியம் ஹெவியே என்று படித்திருப்போம். இன்று அது எரிசிஃபி குவெர்சிகோலா. இரண்டையும் இரண்டு இனமாக எண்ணிப் பட்டியலை நீட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன், இரண்டாவது வரைவு வரை.

புது இனம் என்று தோன்றினால் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். 2013 முதல் புதுப்பெயருக்குப் பதிவு எண் இல்லாவிட்டால் அது செல்லாது.

12. ஹெர்பேரியத்தில் ஒப்படைப்பது

மாதிரி இல்லாத பட்டியலை யாரும் சரிபார்க்க முடியாது. புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அஜ்ரேகர் பூஞ்சை ஹெர்பேரியம், புதுதில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹெர்பேரியம், இரண்டும் நோய்ப் பூஞ்சைகளுக்குப் பெயர் பெற்றவை. உயிருள்ள வளர்ப்பு என்றால் புனேயில் தேசியப் பூஞ்சை வளர்ப்பகம் இருக்கிறது. முதலில் மின்னஞ்சலில் எத்தனை, எந்த வகை, கட்டணம் என்ன என்று கேளுங்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கல்லூரியில் வையுங்கள். காய்ந்த இலை தபாலில் தூளாகும். கவருக்குள் இருபக்கமும் கெட்டி அட்டை, வெளியே அட்டைப்பெட்டி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக். மழை மாதத்தில் அனுப்பாதீர்கள், பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண்கள் வந்து சேர இரண்டரை மாதம் ஆனது. ஆய்வேடு பைண்டிங் போகும் தேதியிலிருந்து பின்னோக்கி மூன்று மாதம் எண்ணி அந்த வாரம் பார்சலைக் கட்டுங்கள். எண்கள் வந்ததும் ஆய்வேட்டில் மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். கல்லூரியில் இருக்கும் மறுபாதிக் கவரிலும் அதே எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள்.